வாயு மறைத்த கண்

அந்தக் கவரை மடிக்காதீங்க தம்பி. எக்ஸ்ரே படம்தான? மடியில படுக்கப் போட்டு மேல பையை வச்சிருக்கீங்களே, நடுவுல மடிப்பு விழுந்துச்சுன்னா அந்த எடத்துல கோடு தெரியும். பாக்குற டாக்டரு எலும்புல வெடிப்புன்னு நினைச்சுக்கிருவாரு. நிமித்தி வைங்க. இப்படிச் சன்னலோரமா. ஆங், இப்பச் சரி.

தப்பா நினைக்காதீங்க. முப்பத்தோரு வருசம் இதுதான் பொழப்பு எனக்கு. கவர்மென்ட்டு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற வேலை. பேரு வேல்மயிலு. பேரைச் சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே சாருன்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா கூட வீட்டைக் காமிச்சிரும். எந்த ஊருன்னா கேக்குறீங்க? அது எதுக்கு தம்பி, ரிட்டயர் ஆகி ஏழு வருசமாச்சு. இப்பக் கருவூலத்துக்குப் போயிக்கிட்டிருக்கேன். வருசத்துக்கு ஒருக்க நேர்ல போயி நின்னு, நான் உசுரோடதான் இருக்கேன்னு காமிக்கணும், அப்பத்தான் பென்சன் நிக்காம வரும். போன வருசம் அந்தக் கிளார்க்கு நிமிந்தே பாக்கல. கையெழுத்தைப் போடுங்கன்னு நோட்டைத் தள்ளிவிட்டுட்டாரு. ஐயா நல்லா பாருங்க, நாந்தான்னேன். வருசத்துல ஒரு நாளு, ஒரு மனுசன் நம்மளைப் பாத்து இருக்கியான்னு கேக்கணும்னு சட்டமே இருக்கு. அதையாவது ஒழுங்காக் கேக்க வேணாமா?

படம் யாருக்கு? வீட்டுக்காரம்மாவுக்கா. முன்னாடி, டிரைவருக்குப் பின்னால, பச்சைச் சேலை கட்டிக் கம்பியைப் பிடிச்சு உக்காந்திருக்காகளே, அவுகளா. வயசு? ஐம்பத்தி ரெண்டு. முதுகா. என்ன செஞ்சாக, விழுந்தாகளா? விழுகல. இட்டிலி மாவுக் குண்டானை இறக்கி வச்சாக, படக்குன்னுச்சா. ம். ஒரு மாவுக் குண்டானுக்கு.

எலும்பு தேய்மானம்னு சொல்லியிருப்பாகளே. அதான். யாரு சொன்னது, டாக்டரா, படம் எடுத்தவரா? படம் எடுத்தவரா. ஆமா, நாங்கதான் முதல்ல சொல்லுவோம். சட்டப்படி நாங்க வாயைத் தெறக்கக் கூடாது. படம் எடுக்கணும், காய வச்சுக் கவர்ல போடணும், டாக்டருகிட்ட அனுப்பணும், அம்புட்டுத்தான். ஆனா சனம் விடுமா? கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, சாரு என்ன தெரியுது, சாரு ஒடைஞ்சிருக்கான்னு கேக்கும். டாக்டரைப் பாக்க இன்னும் ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கணும். பாவமா இருக்கும். லைட்டுல பிடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிருவேன். ஐம்பதைத் தாண்டுன பொம்பளையா, முதுகா, இடுப்பா, தேய்மானம்தாம்மா, பயப்படாத, பாலு குடி, வெயில்ல நில்லு. நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு அதுதான் இருக்கும். டாக்டரும் அதையேதான் எழுதுவாரு. பெரிய டாக்டரே ஒருக்கச் சொல்லியிருக்காரு, வேல்மயிலு சொன்னப் பெறகு நான் எதுக்குப் பாக்கணும்னு. கேலிக்குச் சொன்னாரோ என்னமோ. நான் அதை வீட்ல வந்து சொன்னேன். எங்க வீட்ல பஞ்சவர்ணம், அதான் என் சம்சாரம், அன்னைக்குக் கேசரி கிண்டுனா.

இப்ப எங்க கூட்டிட்டுப் போறீங்க? கட்டுப் போடுற எடத்துக்கா. நல்லது. எண்ணெயைப் போட்டு நீவி விடுவாக, எதமா இருக்கும். நிறையப் பேரு போறாக.

எங்க வீட்டுலயும் முதுகுதான். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல தம்பி. நீங்க கவரை மடிச்சு வச்சிருந்தீங்க, அதைப் பாத்ததுல ஞாபகம் வந்துருச்சு.

ரிட்டயர் ஆக ஒண்ணரை வருசம் இருக்கையில நடந்தது. தண்ணிக் கொடத்தைத் தூக்கி இடுப்புல வச்சிருக்கா. இங்கிட்டு முதுகுல படக்குன்னுச்சாம். கொடத்தைக் கீழ போடல, அவ, பூப்போல இறக்கி வச்சிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சிட்டா. ரெண்டு நாளு சுக்குத் தைலம் போட்டுப் பாத்தோம். மூணாம் நாளு, மத்தியானச் சோறு கொண்டுவரும்போது அப்படியே ஒரு படம் எடுத்துருவோம்னேன். தினமும் டிபன் கேரியரு அவதான் கொண்டாருவா. அன்னைக்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு. அவளுக்கு வலி, எதுக்கு அம்புட்டு வேலை, ஒரு ரசம் வச்சா ஆகாதா? எனக்குப் பிடிக்கும்னு வச்சிருக்கா. ரெண்டு பேரும் எக்ஸ்ரே ரூம்லயே கதவைச் சாத்திட்டுச் சாப்புட்டோம். பெறகு, ஏறிப் படுன்னேன், படம் எடுத்தேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க, இதுலதான் எல்லாம் இருக்கு. முதுகுக்குப் படம் எடுக்கணும்னா வெறும் வயிறா இருக்கணும். முந்தின நாளே விளக்கெண்ணெய் குடிச்சு வயித்தைச் சுத்தம் பண்ணிட்டு வரணும். இல்லைன்னா குடல்ல இருக்குற வாயு படத்துல கரும்புகை மாதிரி விழுந்து எலும்பை மறைச்சிரும். வர்ற சனத்துக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்கும். விளக்கெண்ணெய் குடிக்காம வந்தா திருப்பி அனுப்பிருவேன். அம்புட்டுக் கண்டிசன். ஆனா இவ நம்ம வீட்டுக்காரி. சோறு கொண்டாந்த நேரம், மெசினு சும்மா கெடக்கு, படுன்னுட்டேன். வயித்துல மொச்சைக்கொட்டை.

படம் வந்துச்சு. ஈரத்தோட லைட்டுல பிடிச்சேன். இடுப்புக்கு மேல ஒரு எலும்பு சப்பட்டையா அமுங்கி இருந்துச்சு. மத்தது பூராம் வெளுத்துப் போயிக் கெடந்துச்சு. தேய்மானம்தான்னேன். அவளும் சரின்னா.

ஆனா தம்பி, அந்த அமுங்குன எலும்புல ஒரு கண்ணு தெரியல. கண்ணுன்னா? சொல்றேன். முதுகெலும்பை நேராப் படம் எடுத்தா ஒவ்வொரு எலும்பும் ஆந்தை மூஞ்சி மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டு வட்டம், அதான் கண்ணு. நடுவுல கீழ தள்ளி மூக்கு. மேலருந்து கீழ வரைக்கும் ஆந்தை மேல ஆந்தையா உக்காந்திருக்கும். வேலைக்குச் சேந்த புதுசுல எனக்குச் சொல்லிக் குடுத்தவரு, கண்ணை எண்ணுன்னுதான் சொல்லிக் குடுத்தாரு. இவளுக்கு அந்த ஒரு எலும்புல இடது கண்ணைக் காணல. எனக்குத் தெரிஞ்சது. தெரியலைன்னு சொல்லல நான். பாத்தேன். அந்த எடத்துல வாயுவும் இருந்துச்சு. மொச்சை தின்ன வாயு, கண்ணை மறைச்சிருக்கு. அதான் காரணம். யாரா இருந்தாலும் அதைத்தான் நினைப்பாக.

மறுபடி ஒண்ணு எடுத்துப் பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாக. படம் சரியா விழலைன்னா மறுபடி எடுக்குறதுக்கு ரிப்பீட்டுன்னு பேரு. ரிப்பீட்டு எடுத்தா எடுத்தவனுக்குக் கை சரியில்லைன்னு அர்த்தம். பக்கத்து ஊரு ஆஸ்பத்திரியில மாசத்துக்கு இருபது ரிப்பீட்டு. நம்மகிட்ட கெடையாது. முப்பது வருசத்துல நான் ஒரு ரிப்பீட்டு எடுத்ததில்ல. இன்ஸ்பெக்சனுக்கு வந்த அதிகாரி அத்தனை பேரு முன்னாடியும் என் பேரைச் சொல்லிப் பாராட்டிட்டுப் போயிருக்காரு. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல, அதுவும் பொண்டாட்டிக்காக, ரிப்பீட்டுன்னு எழுதச் சொல்றீங்களா?

அவ கேட்டா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு, என்னங்க, இன்னொரு படம் எடுத்துப் பாருங்களேன், வலி கொறையலன்னா. கால்சியம் மாத்திரை இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு, பொறுன்னேன். ஆஸ்பத்திரியிலருந்து நானே வாங்கியாந்து குடுத்தேன், வேளா வேளைக்குப் பக்கத்துல நின்னு முழுங்க வச்சேன். அதுல கொறை சொல்ல முடியாது. ரெண்டாவது தடவை கேட்டது விலா எலும்பு ஒடிஞ்சப்ப. இருமுனா தம்பி, சளி கூட இல்ல, வறட்டு இருமலு, ஒரு இருமலுக்கு விலா எலும்பு ஒடிஞ்சிருச்சு. நெஞ்சுக்குப் படம் எடுத்தேன், ஒடிஞ்சது தெரிஞ்சது. தேய்மானம்னா அப்படித்தான், சுண்ணாம்பு போயிட்டா எலும்பு உளுத்துப் போகும்னேன். அப்ப முதுகையும் ஒண்ணு எடுங்கன்னா. முதுகுக்கு எடுத்தது இருக்குல்லன்னேன்.

மூணாவது தடவை கேக்கல. கேக்கலைன்னு எப்படிச் சொல்றது, கேரியரைக் கொண்டாந்து வச்சுட்டு அந்த எக்ஸ்ரே டேபிளையே பாத்துக்கிட்டு நின்னா. நான் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டிருந்தேன்.

மக இருக்கா எனக்கு. கௌசல்யா, ஓசூர்ல. அவ போன்ல சொன்னா, அம்மாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கன்னு. மதுரைக்குப் போனாலும் படம்தானம்மா எடுப்பாக, இங்கயே படம் இருக்கேன்னேன். அதுக்குப் பஞ்சவர்ணம் போனை வாங்கி, உங்கப்பா பாத்துச் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்னா. அவளே சொன்னது. என் காதால கேட்டேன்.

சன்னலை மூடட்டுமா, தூசி வருதா? நானே மூடுறேன், இது இறுகிக் கெடக்கும். இந்த ரூட்டு பஸ்ஸு பூராம் எனக்குப் பழக்கம்.

அவ சில விசயம் சொன்னா, சொல்லாம இல்ல. ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? பகல்ல வேலை பாக்கும்போது கூடத் தாங்கிக்கிறேங்க, படுத்தாத்தான் உசுரு போகுதும்பா. தேய்மானம்னா படுத்தா சுகமா இருக்கணும். அது எனக்குத் தெரியும், எத்தனை பேரு சொல்லிக் கேட்டிருக்கேன். இவளுக்கு மட்டும் தலைகீழா இருக்கேன்னு ஒரு நாளு யோசிச்சேன், பாய் மாத்திப் போட்டுக் குடுத்தேன். பெறகு சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கப் பழகிட்டா. தண்ணி தண்ணின்னு குடிப்பா. வெளிய போகல, நாலு நாளு அஞ்சு நாளுன்னு ஆகும். பாத்தியா, வாயுதான்னேன். ரவிக்கையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுக்கிட்டே இருந்தா, இளைச்சிட்டேன்னு. வயசானா ஆளு இளைக்கத்தான செய்வாக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு தம்பி. அம்புட்டையும் ஒண்ணாச் சேத்து வச்சு யாரு பாத்தா? நான் படம் எடுக்குறவன்.

எனக்கு ஒருத்தரு மேலதான் வருத்தம். அருள்மொழின்னு ஒரு டாக்டரம்மா. புதுசா வந்திருந்துச்சு, வயசு முப்பது இருக்கும், என் மகளை விடச் சின்னது. ஒரு நாளு வெள்ளன எந்திரிச்சா பஞ்சவர்ணத்துக்கு ரெண்டு காலும் வரல. சுவத்தைப் பிடிச்சு ஊந்து ஊந்து வாசலு வரைக்கும் வந்துட்டா, என்னைக் கூப்புடாம. ஆட்டோ வச்சு நம்ம ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். எலும்பு டாக்டரு லீவு. இந்தம்மாதான் டூட்டி. பழைய படம் இருக்கான்னு கேட்டுச்சு. நான் பெருமையா எடுத்துக் குடுத்தேன், பதினோரு மாசமா மடிப்பு விழுகாம வச்சிருந்தேன்ல.

லைட்டுல மாட்டிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. பெறகு அந்த எலும்பு மேல விரலை வச்சு, இந்தக் கண்ணு எங்கன்னு கேட்டுச்சு. வாயும்மா, அன்னைக்கு மொச்சைக் குழம்புன்னேன். அது என்னைத் திரும்பிப் பாக்கல. ஆம்பளைக எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்கன்னுச்சு. என்னையும். தெரைச்சீலையை இழுத்து விட்டுட்டுப் பஞ்சவர்ணத்தை முழுசாப் பாத்துச்சு. முதுகு வலிக்கு வந்தவளை எதுக்கு முழுசாப் பாக்கணும்னு வெளிய நின்னு நான் சத்தம் போட்டுக்கிட்டிருக்கேன்.

தெரையை விலக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நர்ஸு பக்கத்துல நிக்கிறாக. அவுக முன்னாடிதான் கேட்டுச்சு.

"இடது மார்புல எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னேன். அதுக்கும் முதுகுக்கும் என்னம்மா சம்பந்தம்னேன்.

"அதுதாங்க இது. அங்க ஆரம்பிச்ச புத்துநோய் எலும்புக்கு வந்திருக்கு. அதான் எலும்பு அமுங்குச்சு, அதான் விலா ஒடிஞ்சுச்சு, அந்தக் கண்ணைத் தின்னதும் அதுதான். இது தேய்மானம் இல்ல. இந்தப் படத்துலயே இருந்திருக்கு."

இந்தப் படத்துலயே இருந்திருக்கு. பதினோரு மாசம் முன்னாடி எடுத்த படம். அதை என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ல தம்பி? நர்ஸுக முன்னாடியா சொல்லணும்? எல்லாரும் என்னை எக்ஸ்ரே சாருன்னு கூப்புடுறவுக. அன்னையிலருந்து அந்த வராண்டாவுல நான் நடந்தா பேச்சு நிக்கும். அந்தம்மா அவசரப்பட்டுருச்சு, அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன். திறமைசாலிதான், இல்லைங்கல. அன்னைக்கே வண்டி வச்சு மதுரைக்கு அனுப்பிச்சு, அங்க போன் பண்ணிச் சொல்லிச்சு. அங்க கரண்டு வச்சாக, அதான் புத்துநோய்க்குக் கதிரு வைக்கிறது, ஊசி போட்டாக. முதுகுத் தண்டு ஏற்கனவே நசுங்கிட்டதால காலு வரல. கட்டியும் எலும்புல இருந்ததும் கொஞ்சம் அடங்குச்சு, வலி நல்லாக் கொறைஞ்சிச்சு. படுத்துத் தூங்குனா. அந்த ஒரு வருசந்தான் அவ நிம்மதியாப் படுத்துத் தூங்குனது. முன்னாடியே வந்திருந்தா நடந்துக்கிட்டே நாலஞ்சு வருசம் இருந்திருப்பாகன்னு அங்கயும் ஒரு டாக்டரு சொன்னாரு. நான் கேக்கல, அவராத்தான் சொன்னாரு.

பதினாலு மாசம் படுக்கையில இருந்தா. நான் லீவு போட்டு, பெறகு ரிட்டயரும் ஆகி, கூடவே இருந்தேன். கொடத்துல தண்ணி பிடிச்சேன், சோறு வடிச்சேன், அவளைத் திருப்பிப் படுக்க வச்சேன். முதுகு புண்ணாகாமப் பாத்துக்கிட்டேன். ஒருக்கக் கேட்டேன். ஏன் பஞ்சவர்ணம், கட்டி இருந்துச்சுல்ல, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லக் கூடாதான்னு. அவ மேலயும் எனக்கு வருத்தம் இருந்துச்சு தம்பி, இல்லாமயா.

அவ என்ன சொன்னாத் தெரியுமா? நான் வேலை முடிஞ்சு வந்து சாப்பிடும்போது அன்னன்னைக்கு வந்த சனத்தைப் பத்திச் சொல்லுவேன். இந்தத் தெருவுக்காரம்மாவுக்கு இப்படி இருந்துச்சு, அந்த டீச்சரம்மாவுக்கு நெஞ்சுல அப்படின்னு. சுவாரசியமாத்தான் சொல்லுவேன், கேக்குறவுக சிரிப்பாக. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உக்காந்து கேப்பாரு. அவ பரிமாறிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்திருக்கா, முப்பது வருசமா.

"நானும் ஒரு கதையாயிருவேன்னுதாங்க சொல்லல"ன்னா.

இதுல கதையாகுறதுக்கு என்ன இருக்கு? நான் அவளைப் பத்தி யாருகிட்டப் பேசப்போறேன்? மக கூட, போன்ல அம்மா பேச்சை எடுத்தா, அப்பா அதைப் பேசாதீங்கன்னு வச்சிருவா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பேசுவா. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வச்சிரட்டுமா. பெறகு அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்ல டிவி பேசுறதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் வீட்டை வித்துட்டுப் போயிட்டாரு. மொச்சைக்கொட்டை இப்ப நான் தொடுறதில்ல. கடையில பாத்தாலே அங்கிட்டுத் திரும்பிக்கிருவேன். அன்னைக்கு மட்டும் அவ ரசம் வச்சிருந்தாள்னா.

கண்டக்டரு, கருவூலம் ஸ்டாப்பு வரலைல்ல? சரி சரி, சொல்லுங்க.

படம் இருக்கான்னா கேக்குறீங்க? பஞ்சவர்ணத்தோட படமா? இந்தப் பையிலதான் இருக்கு. கருவூலத்துக்கு எதுக்கா? வீட்ல வச்சா ஈரம் ஏறிரும் தம்பி, படம் ஒட்டிக்கிரும். கூடவே வச்சிருக்கிறது பத்திரம். இருங்க எடுக்குறேன். சன்னல் பக்கம் பிடிப்போம். பாருங்க, கீழருந்து எண்ணுங்க. ரெண்டு கண்ணு. ரெண்டு கண்ணு. இதுல ரெண்டு. இதுல ரெண்டு. இதான் அமுங்குனது, வலது கண்ணு இருக்கு. இங்க. இந்தா, கருப்பாப் புகை மாதிரி. வாயுன்னு நல்லாத் தெரியுதுல்ல?

தெரியலையா. ம். கண்டக்டரும் போன தடவை தெரியலைன்னுதான் சொன்னாரு. டீக்கடைக்காரரும் அதான் சொன்னாரு. பழகுன கண்ணுக்குத்தான் தெரியும். உள்ள வச்சிருவோம்.

வேணாம் தம்பி. உங்க படத்தை நான் பாக்கல. ரிட்டயர் ஆனப் பெறகு யாரு படத்தையும் நான் பாக்குறதில்ல. அதான் ஒருத்தரு பாத்துச் சொல்லிட்டாருல்ல, தேய்மானம்னு. வேணாம்னு சொல்றேன்ல. குடுங்க. மொனையைப் பிடிச்சு எடுங்க, ரேகை விழுகாம.

வெளிச்சம் பத்தல. சன்னலைத் தெறக்கணும். தூசி வந்தா வரட்டும்.

நல்லாத்தான் எடுத்திருக்காரு. அமுங்குனது இது. இடுப்புக்கு மேல ரெண்டாவது. ரெண்டு. ரெண்டு. ரெண்டு. இருங்க, பஸ்ஸு ஆடுது. ரெண்டு. இதுல.

இதுல.

வயித்தைச் சுத்தம் பண்ணிட்டா போனாக? விளக்கெண்ணெய், மாத்திரை, எதுவும் குடுக்கலையா. சாப்புட்டா போனாக? சரி. அப்ப இது வா...

இல்ல. நான் சொல்லல. வாயுன்னு நான் சொல்லல தம்பி. நான் எதுவுமே சொல்லல, பயப்படாதீங்க, முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க? இருந்தாலும் இருக்கும் வாயுவா. எனக்குத் தெரியல. இந்தா, வாய் விட்டுச் சொல்றேன், எனக்குத் தெரியல. மறைஞ்சும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. எடுத்தவரு கோவிச்சுக்கிருவாரு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிறட்டும். ரிப்பீட்டுன்னு எழுதச் சொல்லுங்க. படத்தோட டாக்டருகிட்டப் போங்க, ரத்தம் பாக்கச் சொல்லுவாக, அவுகளை முழுசாப் பாக்கணும்னு சொல்லுவாக, முதுகுக்கு வந்தா எதுக்குன்னு சத்தம் போடாதீங்க. வெளிய நில்லுங்கன்னா வெளிய நில்லுங்க. கட்டுப் போடுற எடத்துக்குப் போக வேணாம். அந்த முதுகுல ஒருத்தரும் கை வச்சு அமுக்கக் கூடாது. எண்ணெயும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

அவுகளுக்குப் படுத்தா வலிக்குதா, உக்காந்தா வலிக்குதா? தெரியாதா. இளைச்சிருக்காகளா? அதுவும் கேக்கலையா. கேக்காம எப்படித் தெரியும் தம்பி, ஒரே வீட்லதான இருக்கீக.

என் ஸ்டாப்பா? அது அப்பவே போயிருச்சு, கண்டக்டரு விசிலு குடுத்தப்பவே தெரியும். போகட்டும். நான் உசுரோட இருக்கிறதை நாளைக்கு வந்து காமிச்சுக்கிறேன்.

எந்திரிங்க. அவுக அந்தா உக்காந்திருக்காக, நாலு சீட்டுத் தள்ளி. போயிப் பக்கத்துல உக்காந்து கேளுங்க. மெதுவாக் கேளுங்க, சுத்தி ஆளு இருக்கு. சொல்ல யோசிச்சாகன்னா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்ல சொல்லிருங்க. அதை முதல்ல சொல்லணும்.

கவரை நான் வச்சிருக்கேன். போங்க. மடிக்க மாட்டேன்.